டாலஸில் அக்ரிமென்ட் கைமாற்றிய கதை

“அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?” என்று டைட்டில் கம்பெனிப் பெண் போனில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இங்கே சொத்தின் வில்லங்கம் பார்த்துக் கிரையத்தை முடித்து வைப்பவர்கள்தான் டைட்டில் கம்பெனி. வீடு விற்கிற மனிதருக்கு அறுபது வயது இருக்கும். வீடு அவருடைய அம்மா உயில் எழுதி வைத்துவிட்டுப் போனது. பத்திரம் அவர் பெயரில் சுத்தமாக இருக்கிறது. அவருக்குக் கல்யாணம் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன?

அந்தக் கேள்வியில்தான் என்னுடைய முதல் 8,000 டாலர் போனது.

2019 ஜூன் மாதம். டாலஸுக்கு வடகிழக்கே கார்லண்டில் ஒரு பழைய செங்கல் வீடு. 118,000 டாலருக்கு வாங்குவதாக அவரோடு அக்ரிமென்ட் போட்டிருந்தேன். வாங்க என்னிடம் பணம் கிடையாது, வாங்கும் எண்ணமும் கிடையாது. அந்த அக்ரிமென்ட்டை 8,000 டாலருக்கு இன்னொருவருக்குக் கைமாற்றிவிட வேண்டும். அவர் வீட்டை வாங்கி, பழுது பார்த்து, விற்றுக்கொள்வார். இந்தத் தொழிலுக்கு இங்கே ஹோல்சேலிங் என்று பெயர். மளிகை மண்டி மாதிரி எதையோ நினைத்துக்கொள்ள வேண்டாம், மொத்தமாக இங்கே எதுவும் இல்லை. ஈரோட்டில் என் மாமா ஒருவர் காலமெல்லாம் செய்த வேலைதான். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து மூன்று மாதத் தவணைக்கு அக்ரிமென்ட் போடுவார். அதில் “தன் பெயருக்கோ தான் குறிப்பிடும் நபர் பெயருக்கோ” கிரையம் பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கும். தவணை முடிவதற்குள் வேறு ஆளைப் பிடித்து அவர் பெயருக்குக் கிரையம் செய்து கொடுத்துவிட்டு நடுவில் லாபம் பார்ப்பார். இங்கே வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் “அண்ட்/ஆர் அசைன்ஸ்” என்று எழுதுகிறார்கள். அதே வரிதான், சுருக்கமாக.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். டெக்சஸில் ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் என்று தனிப் பாதுகாப்பு உண்டு. அந்த வீடு கணவனுடைய தனிச் சொத்தாகவே இருக்கலாம், பரம்பரையாக வந்ததாக இருக்கலாம். அது அவர்களுடைய ஹோம்ஸ்டெட் என்றால் மனைவியும் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது. மனைவியின் வீடாக இருந்தால் கணவனுக்கும் அதே விதி. எங்கள் மனிதரின் மனைவி 11 வருடமாக லூசியானாவில் இருக்கிறார். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் விவாகரத்து வாங்கவில்லை. வக்கீல் செலவு எதற்கு என்று விட்டுவிட்டார்களாம். அந்த அம்மாளிடம் நானே பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். பாதிப் பணம் தந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் இல்லை என்றார். இவர் ஒரு டாலர்கூடத் தர மாட்டேன் என்றார். மூன்று வாரம் இழுத்தது. அக்ரிமென்ட்டை வாங்கிக்கொள்ளவிருந்த என் ஆள் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வீடு வாங்கப் போய்விட்டார். டைட்டில், அதாவது வீட்டின் உரிமை, சரியில்லாததால் எர்னஸ்ட் மணி என்ற அட்வான்ஸாகக் கட்டிய 500 டாலர் திரும்பி வந்தது. குறித்த நாளுக்குள் விலகிக்கொள்ளும் உரிமைக்கு ஆப்ஷன் கட்டணமாக வீட்டுக்காரரிடம் கொடுத்த 100 டாலர் போனது போனதுதான்.

அன்றிலிருந்து முதல் போனிலேயே கேட்டுவிடுகிறேன். யார் குடியிருக்கிறார்கள், கல்யாணம் ஆனவரா, பிரிந்திருந்தால் கோர்ட் ஆணை இருக்கிறதா, பத்திரத்தில் வேறு யார் பெயர், கடன் பாக்கி எவ்வளவு, வீட்டு வரி பாக்கி உண்டா. கவுன்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) வரி மதிப்பீட்டு அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் உரிமையாளர் பெயரைப் பார்த்ததும் பலர் திருப்தியாகிவிடுவார்கள். அது வரி போடுவதற்கான பதிவு மட்டுமே. நம் ஊரில் வீட்டு வரி ரசீதை வைத்துக்கொண்டு கிரையம் பேசுகிற மாதிரி. பதிவான பத்திரங்கள் கவுன்ட்டி கிளார்க்கிடம் இருக்கும். ஆனால் முழு வில்லங்கமும் டைட்டில் கம்பெனி தேடிப் பார்த்துத் தரும் கமிட்மென்ட் என்ற அறிக்கையில்தான் தெரியும். அதில் ஷெட்யூல் சி என்ற பகுதியை முதலில் படியுங்கள். கிரையத்துக்கு முன்னால் என்னென்ன தீர்க்க வேண்டும் என்ற பட்டியல் அதுதான். ஒருமுறை அதில் ஏழு வாரிசுகள் வந்தார்கள். உயில் இல்லாமல் இறந்தவர் வீடு. உள்ளூரில் இருந்த ஒரு மகன் மட்டும் என்னிடம் கையெழுத்துப் போட்டிருந்தார். சொத்தில் பங்கில்லாத இரண்டு பேர் சாட்சி சொல்லும் வாரிசு உறுதிமொழிப் பத்திரம் ஒன்று டெக்சஸில் உண்டு, கோர்ட்டுக்குப் போகாமலே பல நேரம் அது போதும். அப்போதும் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

புதிதாக வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லைசென்ஸ் பற்றி. புரோக்கர் லைசென்ஸ் இல்லாமல் இதைச் செய்யலாமா?

இதையும் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், அதே கார்லண்ட் வீட்டில். அக்ரிமென்ட் போட்ட மறுநாள், உள்ளே எடுத்த படங்களோடு “மூன்று படுக்கையறை வீடு விற்பனைக்கு, விலை 126,000” என்று பேஸ்புக் குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில் குடியிருந்த ஓர் அக்கா கூப்பிட்டார். லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்பவர்.

“ஏம்மா, அந்த வீடு உன் பேர்லயா இருக்கு?”

“இல்லக்கா, அக்ரிமென்ட் போட்டிருக்கேன்.”

“அப்ப அக்ரிமென்ட்டத்தானே விக்கற? வீடு விற்பனைக்குன்னு ஏன் போட்ட? மொதல்ல எடு அத.”

அவர் சொன்னதில் சட்டம் முழுதும் இருந்தது. டெக்சஸில் 2017 செப்டம்பரிலிருந்து இது எழுத்தில் இருக்கிறது. ஆக்குபேஷன்ஸ் கோடின் 1101.0045 பிரிவு. அக்ரிமென்ட்டில் உனக்குள்ள உரிமையை லைசென்ஸ் இல்லாமல் கைமாற்றலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு புரோக்கர் வேலை பார்க்கக் கூடாது. உன்னிடம் இருப்பது வீடு அல்ல, அக்ரிமென்ட் உரிமை மட்டுமே என்பதை வாங்க வருபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விற்றால் அதுவே லைசென்ஸ் இல்லாத புரோக்கர் தொழில். கிளாஸ் ஏ வகைக் குற்றம், 4,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை. நான் போட்ட ஒற்றை வரி விளம்பரத்துக்கு! எடுத்துவிட்டு, அடுத்தது போடும்போது “எனக்குள்ள கொள்முதல் ஒப்பந்த உரிமை கைமாற்றத்துக்கு, வீட்டின் உரிமை என்னிடம் இல்லை” என்று முதல் வரியாக எழுதினேன். கூப்பிடுபவர்கள் குறைவார்கள் என்று பயந்தேன். பழகிய முதலீட்டாளர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. தயங்கியவர்கள் விஷயம் தெரியாதவர்கள். அவர்களுக்கு விற்காமல் இருப்பதே நல்லது.

இது டெக்சஸ் கதை. மாநிலம் மாறினால் சட்டம் தலைகீழ். சிகாகோவில் இருக்கும் சித்தி மகன் நான் செய்வதைப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கப் போனான். இல்லினாயில் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் செய்தால் லைசென்ஸ் வேண்டும். ஓக்லஹோமா 2021 நவம்பரில் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது, அந்த உரிமையைப் பொதுவெளியில் விளம்பரம் செய்யவே லைசென்ஸ் கேட்கிறது. பிலடெல்பியாவில் நகராட்சியே ஹோல்சேலருக்குத் தனி லைசென்ஸ் வைத்திருக்கிறது. போகப் போக இறுக்கிக்கொண்டுதான் போகிறார்கள். அதனால் யூடியூப் வீடியோவில் ஒருவர் “லைசென்ஸே வேண்டாம்” என்று கைதட்டிச் சொன்னால், அவர் எந்த மாநிலம், அது எந்த வருட வீடியோ என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

யூடியூப் என்றதும் இன்னொன்று. ஒரு குருவிடம் 997 டாலர் கட்டிப் பாடம் படித்தேன். பாடத்தோடு ஒரு மாதிரி அக்ரிமென்ட் தந்தார். அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் போனபோது அவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “இந்தப் பத்திரத்துக்கு புளோரிடா சட்டம் பொருந்தும் என்று போட்டிருக்கிறதே, வீடு எங்கே இருக்கிறது?” என்றார். படித்துத் திருத்த 450 டாலர் வாங்கினார். குருவுக்கு முன்னால் அவரிடம் போயிருக்க வேண்டும்.

அவரிடம்தான் விசா கேள்வியையும் கேட்டேன். நம்மவர்களுக்கு இதுவே முதல் கேள்வியாக இருக்க வேண்டும், ஆனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. என் கணவர் எச்1பி வேலை விசாவில் இருக்கிறார். நான் அவரைச் சார்ந்து வந்த எச்4 விசா, வேலை அனுமதி அட்டை உண்டு. அந்த அட்டை இருந்தால் சொந்தத் தொழில் செய்யலாம், அதனால் என் பெயரில் எல்.எல்.சி. என்ற வகைக் கம்பெனி ஆரம்பித்தேன். டெக்சஸில் பதிவுக் கட்டணம் 300 டாலர். எச்1பியில் இருப்பவர் வீடு வாங்கலாம், வாடகைக்கு விடலாம், ஷேர் வாங்கலாம். ஆனால் விற்பவர்களைத் தேடிப் போன் செய்வது, பேரம் பேசுவது, அக்ரிமென்ட் கைமாற்றுவது எல்லாம் முதலீடு அல்ல, வேலை. அவருடைய விசா அவரை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிக்கு மட்டும்தான். “வார இறுதியில்தானே, சும்மா உதவிக்குத்தானே” என்றார் என் கணவர். சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைக் காரில் தேடிக் குறித்துக்கொண்டு வருவார். அதையும் நிறுத்தச் சொன்னார் வக்கீல். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்கிற மனிதர் 8,000 டாலருக்காக அதில் கைவைப்பாரா? 2021இல் என் அட்டை புதுப்பித்து வரத் தாமதமானது. நான்கு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், வந்த போன்களைக்கூட அந்த அக்காவிடம் திருப்பிவிட்டேன்.

நான் இன்னொரு முட்டாள்தனமும் செய்யப் பார்த்தேன். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் “விற்கத் தயாராக இருக்கும் வீடு பற்றித் தகவல் தந்தால் 500 டாலர்” என்று எழுதிவைத்து, அனுப்புவதற்கு முன் எதற்கும் கேட்போமே என்று வக்கீலுக்கு அனுப்பினேன். குழுவில் முக்கால்வாசிப் பேர் எச்1பி, அது ஒரு பக்கம். ஆளைப் பிடித்துக் கொடுத்து அதற்குக் கூலி வாங்குவது லைசென்ஸ் உள்ளவர்கள் செய்யும் வேலை, அது இன்னொரு பக்கம். நம் ஊரில் டீக்கடைக்காரரே தரகு பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் வந்த யோசனை.

போன் விஷயத்தில் மாட்டிக்கொண்டது தனிக் கதை. வரி பாக்கி உள்ளவர்களின் பட்டியல் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மென்பொருள் வழியாக ஒரே நாளில் 300 பேருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒருவரிடமிருந்து கடிதம். அவருடைய எண் தேசிய அளவில் ‘அழைக்க வேண்டாம்’ பட்டியலில் இருக்கிறது, நான் மூன்று செய்தி அனுப்பியிருக்கிறேன், வேண்டாத அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் தடுக்கும் டிசிபிஏ சட்டப்படி ஒவ்வொன்றுக்கும் 500 டாலர், வேண்டுமென்றே செய்திருந்தால் 1,500 வரை. வீடு வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்பது விற்பனை அழைப்பாகுமா என்பதில் நீதிமன்றங்களே ஒரே மாதிரி தீர்ப்புச் சொன்னதில்லை, வாதாடிப் பார்க்கலாம் என்றார் வக்கீல். வாதாட ஆகும் செலவில் மூன்று தடவை சமரசம் செய்யலாம் என்பதையும் அவரே சொன்னார். சமரசம் செய்துகொண்டேன். அப்புறம் கையால் எழுதிய கடிதங்கள்தான் அனுப்புகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், அது ஒரு சௌகரியம்.

இவ்வளவு சொன்னேன், என்னை இன்னும் உறுத்துவது வேறு.

2020 தொடக்கத்தில், டாலஸ் தெற்கே ஓக் கிளிஃப் பகுதியில் ஒரு வயதான அம்மாள். கணவர் இறந்த பிறகு தவணை கட்ட முடியவில்லை. டெக்சஸில் வங்கி ஜப்தி ஏலத்துக்குப் பெரும்பாலும் கோர்ட்டே போக வேண்டியதில்லை. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம், அதற்கு 21 நாள் முன்னால் நோட்டீஸ். அந்த அம்மாளுக்கு ஏலத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது என் கடிதம் போய்ச் சேர்ந்தது. தரைக்குக் கீழே மரக்கட்டைகள் தாங்கும் பழைய பாணி வீடு. டாலஸின் கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. 94,000 டாலருக்குக் கையெழுத்து வாங்கினேன். குருவின் மாதிரியில் இருந்தபடி, 30 நாள் வரை எந்தக் காரணமும் சொல்லாமல் நான் விலகிக்கொள்ளலாம்.

அந்த 30 நாளின் அர்த்தம் எனக்கு ஆறேழு நாள் கழித்துத்தான் உறைத்தது. வாங்குவதாகச் சொன்ன இரண்டு பேர் அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அந்த அம்மாளோ, வீடு விற்றாகிவிட்டது என்று நம்பிப் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். நான் இன்னும் மூன்று வாரம் ஆள் தேடலாம். கிடைக்காவிட்டால் ஒரு வரி எழுதி விலகிவிடலாம், எனக்குச் சட்டப்படி ஒன்றும் ஆகாது. அவருக்கு ஏலம் வந்துவிடும். இந்தத் தொழிலைப் பற்றி அரசாங்கங்கள் ஏன் இவ்வளவு கோபமாகச் சட்டம் போடுகின்றன என்று அன்றைக்குப் புரிந்தது. நான் வாங்குபவள் என்று அவர் நம்பியிருந்தார். நானும் அதைத் திருத்தவில்லை.

எட்டாம் நாள் நேரில் போனேன். நான் உங்கள் வீட்டை வாங்குகிறவள் இல்லை, வாங்குகிறவரைத் தேடுகிறவள், கிடைக்கவில்லை என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. “பிறகு எதற்கு எழுதினாய்?” என்று மட்டும் கேட்டார். விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள், அந்த எண்ணையும் அபார்ட்மென்ட் அக்காவின் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அக்கா வீட்டை முறையாகப் பட்டியலிட்டார். ரொக்கம் வைத்திருந்த ஒருவர் 125,000 டாலருக்கு வாங்கினார். ஏலத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கிரையம் முடிந்தது. நான் சொன்ன விலையைவிட 31,000 அதிகம். என் வழியாகப் போயிருந்தால் அந்தப் பணம் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி என்னிடமும், பாதி என்னிடம் வாங்கியவரிடமும்.

அதற்குப் பிறகு என் அக்ரிமென்ட்டின் முதல் பக்கத்தில், நான் இதை லாபத்துக்குக் கைமாற்றலாம், என்னிடம் லைசென்ஸ் இல்லை, நீங்கள் ஏஜென்ட் வழியாக விற்றால் கூடுதல் விலை கிடைக்கலாம் என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே தனியாகக் கையெழுத்து வாங்குகிறேன். விலகும் காலம் 10 நாள்தான். ஏலத் தேதி குறித்தாகிவிட்ட வீடு என்றால் தொடுவதே இல்லை. இப்படிச் செய்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றார் ஒரு சக தொழில்காரர். உண்மைதான், போடவில்லை. மீதிப் பாதிப் பேர் கிரைய நாளன்று சண்டைக்கு வரவில்லை. என் கட்டணம் கிரையக் கணக்குத் தாளில் தனி வரியாக வரும். முன்பே சொல்லாதவர்கள் அந்த மேஜையில்தான் மாட்டுகிறார்கள். இதை மறைக்கவே சிலர் தாங்களே ஒரு மணி நேரம் வாங்கி, அடுத்த மணி நேரம் விற்று, இரட்டைக் கிரையம் செய்வார்கள். கட்டணம் இரண்டு மடங்கு, நடுவில் பணம் புரட்ட வட்டி வேறு. தவறில்லை, ஆனால் மறைக்க மட்டும் செய்வதென்றால் எனக்குப் பிடிக்கவில்லை.

வரியில் ஒரு தப்புக் கணக்கு போட்டிருந்தேன். சொத்து விற்ற லாபம் மாதிரி குறைந்த வரி என்று நினைத்தேன். ஆடிட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். இது தொழில் வருமானம். சாதாரண வருமான வரியோடு சுயதொழில் வரி 15.3 சதவீதமும் உண்டு, காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டியே கட்ட வேண்டும். வருகிற ஒவ்வொரு காசோலையிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன்.

போன வருடம் கார்லண்ட் மனிதர் திரும்பக் கூப்பிட்டார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. விவாகரத்து ஒருவழியாக முடிந்துவிட்டதாம், வீடு அவருக்கே என்று கோர்ட் ஆணை கையில் இருக்கிறதாம், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறாயா என்றார்.

“வாங்குவதில்லை, கைமாற்றிவிடுவேன்” என்றேன். “அது இருக்கட்டும், மறுபடியும் கல்யாணம் எதுவும் செய்துகொள்ளவில்லையே?”

அவர் சிரித்தார். அடுத்த மாதம் என்றார்.

அப்படியானால் இந்த மாதமே கிரையத்தை முடித்துவிடலாம் என்றேன்.